முதல் உத்தியோகம் தேடுவோருக்கு

பாடசாலைப் படிப்பை முடித்து முதன்முதலாக உத்தியோகம் தேடப் புறப்படும் இளைஞர் ஒருவர் விளம்பரங்களை வாசிக்கும்பொழுது, அவர் கண்ணிற் படும் முதற் சொல் 'அனுபவம்' என்பதாகும். வேலை கிடைத்தாலன்றி அனுபவம் வாராது; அனுபவம் இருந்தாலன்றி வேலை கிடையாது. இச்சிக்கலைக் கண்டு மனஞ்சோர்ந்து, விண்ணப்பமே எழுதாது விடுவோர் பலர். எழுதத் துணிபவர்களோ, அயல்வீட்டு அண்ணன் முன்னொருகால் எழுதிய கடிதத்தை வரிக்கு வரி பெயர்த்தெழுதிப் பெயரை மாத்திரம் மாற்றி அனுப்பிவிடுகின்றனர். தம்மைப்பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை என்ற எண்ணம் இரு சாராரிடத்தும் இருக்கின்றது.

பதினெட்டு, பத்தொன்பது வயதுடைய ஒருவரை வேலைக்கு எடுக்கும் நிறுவனம் அவரிடம் பத்தாண்டு அனுபவத்தை எதிர்பார்ப்பதில்லை. சொன்ன நேரத்துக்கு வருவாரா, கொடுத்த வேலையை முடிப்பாரா, பணத்தையும் பொருளையும் நம்பி ஒப்படைக்கலாமா, தெரியாததைத் தெரியாதென ஒப்புக்கொண்டு கற்றுக்கொள்வாரா என்பவையே அதன் ஐயங்கள். இவ்வையங்களைத் தீர்க்கும் சான்றுகள் ஏறக்குறைய எல்லோரிடத்தும் உள்ளன. அவற்றைத் தேடி எடுத்து, முன்பின் அறியாத ஒருவர் நம்பும் வகையிற் சொல்லும் பழக்கந்தான் இல்லை. சிபாரிசு செய்ய ஆள் உள்ளவரை இக்குறை அவ்வளவு தாக்காது. கொழும்பில் ஒருவரையும் அறியாத தோட்டத்துப் பிள்ளைக்கும், குடும்பத்திலே முதன்முதலாகப் பரீட்சையிற் சித்தியடைந்த மீனவர் வீட்டுப் பிள்ளைக்கும் இதுவே வாயிலை அடைத்துவிடுகின்றது. அவர்களைக் கருதியே இப்பேச்சு.

வேலை எங்கே இருக்கின்றது என்பதை முதலில் நோக்குவோம். 'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. மாதம் தவறாத சம்பளமும், ஓய்ந்தபின் வரும் பென்சனும் அப்பழமொழியைப் பிறப்பித்தன. அரசாங்க உத்தியோகத்தை விரும்புவதிற் குற்றமில்லை. அதனையே எதிர்நோக்கி நாலைந்து ஆண்டுகளை வீட்டில் வெறிதே கழித்தபின், 'இதுகாறும் என்ன செய்தீர்?' என்று கேட்கப்படும்பொழுது விடையில்லாமல் நிற்பது பரிதாபத்துக்குரியது.

அரசாங்கப் பதவிகளிற் பெரும்பாலானவை வர்த்தமானியிலே அறிவிக்கப்படுகின்றன. 1802ஆம் ஆண்டிலே தொடங்கிய இவ்வெளியீடு இப்பொழுது வெள்ளிக்கிழமைதோறும் மும்மொழிகளிலும் வருகின்றது. அதன் முதலாம் பகுதியின் இரண்டாம் 'அ' தொகுதியிலே பதவி வெற்றிடங்களும் பரீட்சை அறிவித்தல்களும் இடம்பெறும். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இதனைப் பணமின்றி வாசிக்கலாம். கைத்தொலைபேசியில் உலாவரும் அரைகுறைச் செய்தியை நம்பாது, மூல அறிவித்தலைத் தேடி முழுவதும் வாசித்தல் வேண்டும். எத்திகதியில் எத்தனை வயது நிரம்பியிருத்தல் வேண்டும், எந்தப் பாடத்தில் எத்தகைய சித்தி வேண்டும் என்பன அங்கேதான் உள்ளன. போட்டிப் பரீட்சையாயின், எம்மொழியில் எழுதுவதென விண்ணப்பத்திலே குறிப்பிடுகின்றோமோ அதனைப் பின்னர் மாற்ற அனுமதிப்பதில்லை என்ற விதியும் பெரும்பாலும் அங்கே காணப்படும். தமிழிற் கற்றவர் பகட்டுக்காக ஆங்கிலமெனக் குறித்துவிட்டுப் பின்னர் வருந்துவதிற் பயனில்லை.

தனியார் துறை வேலைகள் வாரப் பத்திரிகைகளிலும் இணையத்தளங்களிலும் வெளிவருகின்றன. மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களமும் தொழில் தேடுவோருக்கு வழிகாட்டுகின்றது. அதுபற்றிய விபரத்தைப் பிரதேச செயலகத்திற் கேட்டறியலாம். ஆயினும் விளம்பரமே செய்யப்படாத வேலைகளும் உள. உங்கள் பட்டினத்து மருந்துக் கடை, அச்சகம், வாகனத் திருத்தகம், இரும்புக் கடை ஆகியவற்றில் ஓர் ஆள் தேவைப்படும்பொழுது முதலாளி பத்திரிகைக்கு எழுதுவதில்லை, தெரிந்தவரிடம் விசாரிக்கின்றார். அவ்வேளையில் உங்கள் பெயர் அவர் நினைவில் இருத்தல் வேண்டும். வியாபாரம் ஓய்ந்திருக்கும் பிற்பகல் வேளையாகப் பார்த்து நேரே சென்று, 'இன்னது படித்திருக்கின்றேன், இன்னது செய்யத் தெரியும், இடமிருந்தால் அறிவியுங்கள்' என்று மூன்று வசனம் பேசி, தொலைபேசி எண்ணுள்ள ஒரு தாளையும் கொடுத்து வருவதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

திருத்தகத்தில் இரண்டு மூன்று ஆண்டுகள் வேலைபழகி, கையில் ஒரு சான்றிதழுமின்றி நிற்கும் இளைஞர் நம்மிடையே அநேகர். தேசிய தொழிற்றகைமை என ஏழு மட்டங்கள் கொண்ட ஓர் ஒழுங்கு இந்நாட்டிலே நடைமுறையில் உள்ளது. முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழ்கள்; ஐந்தும் ஆறும் டிப்ளோமாக்கள்; ஏழாவது பட்டத்துக்கு நிகரானது. பயிற்சி நிலையத்துக்குச் சென்றுதான் இதனைப் பெறவேண்டுமென்பதில்லை. வேலைத்தலத்திலே கற்ற கைத்திறனை மதிப்பிட்டு அதற்கேற்ற மட்டத்தை வழங்கும் முறையும் உண்டு. 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்று அதனைக் கூறுவர். தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையை அணுகினால் அதுபற்றி விளக்குவர். பாடசாலையை இடையில் விட்ட ஒருவருக்கு இதைவிடப் பெரிய உதவி வேறொன்றுமில்லை என்பது என் கருத்து.

இனி, பத்திரங்கள். நம்மவர் பலர் இடறிவிழுவது இவ்விடத்திலேதான். ஆதலின் சற்று விரிவாகக் கூறுகின்றேன்.

ஐரோப்பியரிடையே குடும்பப் பெயர் ஒன்று தலைமுறை தலைமுறையாகத் தொடரும். நாமோ தந்தையின் பெயரை முன்னும் நம் பெயரைப் பின்னும் வைத்து எழுதுகின்றோம். அரசாங்கப் படிவங்களிலே 'முதலெழுத்துக்களுடன் பெயர்' என்றொரு கூடும், 'முதலெழுத்துக்களாற் குறிக்கப்படும் பெயர்கள்' என்று மற்றொரு கூடும் இருக்கும். இராமையாவின் மகள் புவனேஸ்வரி முதற் கூட்டில் 'இ. புவனேஸ்வரி' என்றும், இரண்டாவதில் 'இராமையா' என்றும் எழுதுதல் வேண்டும். இரண்டாவதிலே தன் பெயரையே திரும்ப எழுதுவோரும், அதனை வெறுமையாக விடுவோரும் மிகப் பலர். இதனினும் பெரிய தொல்லை எழுத்துக்கூட்டலால் வருவது. தமிழ்ப் பெயர் ஒன்று சிங்களத்தில் எழுதப்பட்டு, அங்கிருந்து ஆங்கிலத்துக்கு வரும்பொழுது உருமாறிவிடுகின்றது. பிறப்புப் பத்திரத்தில் ஒருவிதம், அடையாள அட்டையில் வேறுவிதம், பரீட்சைச் சான்றிதழில் இன்னொரு விதம். நேர்முகப் பரீட்சை மேசையிலே மூன்றையும் ஒருங்கே வைக்கும்பொழுது, மூன்றும் ஒருவருடையவைதாமா என்ற கேள்வி எழுகின்றது. வேலை தேடத் தொடங்குமுன்னரே மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சிறு வேறுபாடாயின், இரண்டும் ஒருவரையே குறிப்பனவென்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்து வைத்துக்கொள்ளலாம். பிறப்புப் பத்திரமே பிழையாயின், பிரதேச செயலகத்திலுள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரை அணுகுதல் வேண்டும். திருத்தம் கைக்கு வர நாட்செல்லும். அழைப்பு வந்தபின் ஓடினால் ஆகாது.

மலையகத்தவருக்கு விலாசமும் ஒரு பிரச்சினை. தோட்டங்கள் பலவற்றிலே தபால் நேராக லயத்துக்கு வருவதில்லை. தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து ஒருவர் கைமாறி மற்றொருவர் கைக்குச் சென்று, உரியவரை அடையும்பொழுது நேர்முகப் பரீட்சைத் திகதி கடந்துவிடுவதும் உண்டு. பிள்ளையிடத்திலே யாதொரு குறையுமின்றி ஓர் உத்தியோகம் கைநழுவும் கொடுமை இது. லயங்களுக்குத் தனி விலாசம் வழங்க வேண்டுமென்ற கோரிக்கை நியாயமானது. அது எல்லாத் தோட்டங்களிலும் நிறைவேறுமட்டும் பட்டினத்திலே கடை வைத்திருக்கும் உறவினர், பாடசாலை அதிபர் போன்ற நம்பத்தகுந்த ஒருவரின் விலாசத்தை அவரது சம்மதத்துடன் தபால் விலாசமாகக் கொடுக்கலாம். நிரந்தர விலாசத்தைத் தனியே குறிப்பிட்டால் யாரும் ஆட்சேபியார். தொலைபேசி எண்கள் இரண்டு கொடுத்தலும் நன்று.

விண்ணப்பக் கடிதத்துக்கு வருவோம். அதனை வாசிப்பவரை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். அவர் மேசையிலே நூற்றுக்கு மேற்பட்ட கடிதங்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் அவர் செலவிடுவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. முதலில் அவர் பார்ப்பது, கேட்கப்பட்டவை இருக்கின்றனவா என்பதையே. கடித உறையின் இடப்பக்க மேல் மூலையிற் பதவியின் பெயரை எழுதுமாறு அறிவித்தல் கூறினால், அங்கேதான் எழுதுதல் வேண்டும். பதிவுத் தபால் எனின் பதிவுத் தபால். கையொப்பத்தை அத்தாட்சிப்படுத்தும்படி கேட்டிருந்தால், யார் யார் அத்தாட்சிப்படுத்தலாமென அதிலேயே கூறியிருப்பர். இவற்றுள் ஒன்று தவறினாலும் விண்ணப்பம் வாசிக்கப்படாமலே ஒதுக்கப்படலாம். திறமையை அளக்கும் கட்டம் அதற்குப் பின்னரே வருகின்றது.

கடிதத்தின் உடலிலே என்ன எழுதுவது? 'எனது குடும்பம் வறுமையில் வாடுகின்றது. தங்கள் கருணையை எதிர்பார்க்கின்றேன்' என்று எழுதுவோர் உளர். அவர்தம் துன்பம் மெய்யானதே. ஆனால் அக்கடிதம் வாசிப்பவரிடம் இரக்கத்தைக் கேட்கின்றதேயன்றி, அவருக்கு வேண்டிய செய்தியைக் கொடுக்கவில்லை. 'தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்' என்ற பழைய முடிவும் இன்று வேண்டுவதில்லை. 'இங்ஙனம்' என்று கையொப்பமிட்டாற் போதுமானது. களஞ்சிய உதவியாளர் வேலைக்கு நாம் மேலே கண்ட புவனேஸ்வரி எழுதுவதாகக் கற்பனை செய்வோம்:

'களஞ்சிய உதவியாளர் பதவிக்கென இம்மாதம் 4ஆந் திகதி வெளிவந்த தங்கள் விளம்பரத்தைக் கண்டு விண்ணப்பிக்கின்றேன். க. பொ. த. உயர்தரப் பரீட்சையில் வணிகப் பிரிவிலே மூன்று பாடங்களிலும் சித்தியடைந்துள்ளேன். எமது தோட்டத்து மரண சகாய சங்கத்தின் கணக்குப் புத்தகத்தை இரண்டு ஆண்டுகளாக எழுதி வருகின்றேன். 46 குடும்பங்களின் மாதச் சந்தா அதிற் பதியப்படுகின்றது. கதிரை, கூடாரம், பாத்திரம் ஆகிய சங்கப் பொருட்களை இரவல் கொடுத்து மீளப்பெறும் பதிவேடும் என் பொறுப்பிலுள்ளது. சங்கத் தலைவர் இதனை உறுதிப்படுத்துவார்.'

நேயர்களே, இக்கடிதத்திலே 'அனுபவம்' என்ற சொல்லே இல்லை. ஆயினும் பொருளைக் கொடுத்து வாங்கிக் கணக்கு வைப்பதுதானே களஞ்சிய வேலை? இப்பிள்ளை அதனைச் சம்பளமின்றி இரண்டு ஆண்டு செய்திருக்கின்றாள். 'நான் நேர்மையும் கடின உழைப்பும் உள்ளவள்' என்று பத்து முறை எழுதுவதிலும் அந்த 46 என்ற எண் வலிமையுடையது. ஏனெனில் அதனை ஒருவர் விசாரித்து அறியலாம். கோயில் திருவிழாவிலே பிரசாத விநியோகத்தைப் பொறுப்பேற்றவர், தம்பி தங்கையரின் வகுப்புத் தோழர்களுக்கு மாலையிற் கணிதம் சொல்லிக் கொடுத்தவர், தந்தையின் மீனை அதிகாலையிலே சந்தைக்குக் கொண்டுசென்று விலைபேசியவர் யாவருக்கும் எழுதுவதற்கு விஷயமுண்டு. என்ன செய்தீர்கள், எவ்வளவு காலம், எத்தனை பேருக்கு, யார் அறிவார் என்ற நான்கையும் ஒரு தாளிலே எழுதிப் பாருங்கள். இல்லாததைச் சேர்த்தல் மட்டும் கூடாது. ஒரு கேள்வியிலே அது வெளிப்பட்டுவிடும்.

உங்களைப்பற்றிச் சொல்லக்கூடிய இருவரின் பெயர் கேட்கப்பட்டால், உறவினரைக் குறிப்பிடலாகாது. பெயரைக் கொடுக்குமுன் அவர்களிடம் அனுமதி பெற்று, எவ்வேலைக்கு விண்ணப்பிக்கின்றீர்கள் என்பதையும் சொல்லி வைத்தல் மரியாதை. மின்னஞ்சலிலே அனுப்புவோர் பதவியின் பெயரைத் தலைப்பில் எழுதுவதோடு, விளையாட்டாக வைத்துக்கொண்ட முகவரியை விட்டுத் தம் பெயராலான ஒரு முகவரியைப் பயன்படுத்துதல் நன்று.

நேர்முகப் பரீட்சையென்றதும் பலருக்கு நடுக்கம். வானொலியிலே பேசுவோரும் எழுதியதை உரத்து வாசித்து ஒத்திகை பார்த்தே ஒலிவாங்கியின் முன் அமர்கின்றனர். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது ஒத்திகையாகாது. ஆசிரியர் ஒருவரையோ அக்காவையோ எதிரே இருத்தி, கேள்வி கேட்கச் சொல்லி, வாய்விட்டு விடை சொல்லிப் பழகுதல் வேண்டும். முதல் முறை நாக்குழறும். நாலாம் முறை குழறாது. அந்நிறுவனம் என்ன செய்கின்றது, எங்கெங்கே கிளைகள் உள்ளன, அந்த வேலையின் அன்றாடக் கடமைகள் யாவை என்பவற்றை முன்கூட்டியே விசாரித்து அறிதலும் அவசியம். மூலப் பத்திரங்களை அழைப்புக் கடிதத்திற் கூறிய ஒழுங்கிலே அடுக்கிப் பிரதிகளையும் உடன் வையுங்கள். தொலைவிலிருந்து வருவோர் காலை முதற் பஸ்ஸை நம்பாது, முதல்நாளே வந்து தங்க இடமுண்டோ என்று பார்த்தல் வேண்டும். உடையைப்பற்றி அதிகம் பேசுவானேன்? துவைத்து அழுத்திய, உடலுக்கு இசைந்த உடை போதும். அன்றைக்கென்று இரவல் வாங்கிய உடை ஆளை நிமிர்ந்து உட்கார விடாது.

பெரும்பாலும் முதற் கேள்வி, 'உங்களைப்பற்றிக் கூறுங்கள்' என்பது. ஊரும் பெயரும் குடும்ப விபரமும் அவர்கள் கையிலுள்ள தாளிலே இருக்கின்றன. அவற்றையே ஒப்புவியாது, இவ்வேலைக்குப் பொருந்தும் இரண்டு மூன்று செய்திகளை ஒரு நிமிடத்திற் கூறி நிறுத்துதல் வேண்டும். புவனேஸ்வரியிடம் உரையாடல் இவ்வாறு செல்லலாம்.

'சங்கக் கணக்கு எழுதினீர்கள் என்கின்றீர்கள். எப்பொழுதாவது கணக்குப் பிழைத்ததா?'

'ஒரு மாதம் 200 ரூபா குறைந்தது, ஐயா. பற்றுச்சீட்டுக்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தேன். ஒரு வீட்டுச் சந்தாவை இருமுறை பதிந்திருந்தேன். அடுத்த கூட்டத்திலே தலைவரிடம் காட்டித் திருத்தினேன். அன்றுதொட்டுப் பற்றுச்சீட்டு இலக்கத்தையும் கூடவே எழுதி வருகின்றேன்.'

'எங்களிடம் கணக்கெல்லாம் கணனியில். உங்களுக்குப் பழக்கமுண்டா?'

'பாடசாலையில் அடிப்படை படித்தேன். நீங்கள் பயன்படுத்தும் முறை தெரியாது. பழகிக்கொள்ள எவ்வளவு காலம் தருவீர்கள்?'

இவ்விடைகளிலே அலங்காரம் ஒன்றுமில்லை. பிழையை மறையாமற் சொல்லி, திருத்திய வழியையும் சொன்னமையால், கணக்கை இவளிடம் ஒப்படைக்கலாம் என்ற எண்ணம் கேட்பவருக்கு உண்டாகின்றது. 'எனக்குப் பிழையே நேர்ந்ததில்லை' என்று கூறியிருந்தால் யார் நம்புவார்?

கொழும்பிலும் பிற பெரு நகரங்களிலும் கேள்விகள் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ வரக்கூடும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று எனினும், தனியார் கந்தோர்களிலே வாடிக்கையாளருடன் பழகும் மொழியை அவர்கள் எதிர்பார்ப்பது இயல்பே. தம்மைப்பற்றிய அந்த ஒரு நிமிடப் பேச்சை மும்மொழியிலும் ஆயத்தம் செய்துகொள்ளலாம். அதற்குமேல் விளங்காதவிடத்து, 'தயவுசெய்து மீண்டும் கூறுங்கள்' என்று அம்மொழியிலேயே கேட்கப் பழகுங்கள். விளங்காமலே தலையசைப்பது மிகத் தீது. பெண்பிள்ளைகளிடம், 'எப்பொழுது கலியாணம்? அதன்பின் வேலையை விட்டுவிடுவீர்களா?' என்று கேட்போரும் இருக்கின்றனர். ஆண்பிள்ளைகளிடம் கேட்காத இக்கேள்வியைப் பெண்களிடம் கேட்பதற்கு நியாயமில்லை என்பதை நிறுவனத்தார் உணர்தல் வேண்டும். எனினும் அங்கே வாதாடி வெல்வது அரிது. 'நெடுங்காலம் வேலைசெய்யும் எண்ணத்துடனேயே வந்திருக்கின்றேன்' என்று அமைதியாகச் சொல்லி, பேச்சை வேலைக்குத் திருப்புதலே தக்கது. சம்பளம், வேலை நேரம், பயிற்சிக் காலம் ஆகியவற்றைப்பற்றி இறுதியிலே நீங்களும் கேட்கலாம். அது மரியாதைக் குறைவாகாது.

வேலை கிடைத்துவிட்டால் நியமனத்தை எழுத்திற் பெறுங்கள். சம்பளம், பதவி, நன்னடத்தைக் காலம் யாவும் அதிலே இருத்தல் வேண்டும். 1958ஆம் ஆண்டின் ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி உங்கள் சம்பளத்திலிருந்து நூற்றுக்கு 8 கழிக்கப்பட, தொழில்தருநர் தம் பங்காக 12 சேர்த்து நிதியத்துக்குச் செலுத்துதல் வேண்டும். 1980ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு மேலும் 3 வீதத்தைத் தொழில்தருநரே செலுத்துவார். அதனை உங்களிடமிருந்து கழித்தல் ஆகாது. முதன்மாதமே உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

வேலை தருவதாகச் சொல்லி முற்பணம் கேட்பவரிடம் ஒரு சதமும் கொடாதீர்கள். அரசாங்க உத்தியோகம் வாங்கித் தருவதாகக் கூறித் தாயின் தாலிக்கொடியை அடகுவைக்கச் செய்யும் தரகர் இன்னும் ஒழிந்தபாடில்லை. வெளிநாடு செல்ல எண்ணுவோர், 1985ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திலே அம்முகவருக்கு நடப்பு அனுமதிப்பத்திரம் உண்டா என்பதையும், அந்தக் குறிப்பிட்ட வேலைக்கு ஆள்சேர்க்க அங்கீகாரம் உண்டா என்பதையும் விசாரித்தபின்னரே கடவுச்சீட்டைக் கையிற் கொடுத்தல் வேண்டும்.

தெரிவாகாதவருக்கு அநேகமாக மறுமொழி வருவதில்லை. இரண்டு வாரம் பொறுத்து ஒரு முறை பணிவாக விசாரிக்கலாம். அனுப்பிய விண்ணப்பங்களை ஒரு கொப்பியிலே திகதி, பதவி, பதிவுத் தபால் இலக்கம் என்பவற்றோடு குறித்து, நேர்முகப் பரீட்சையிலே விடைசொல்லத் தடுமாறிய கேள்விகளையும் அன்றிரவே அதில் எழுதி வையுங்கள். தெரிவானவர் வேலையை ஏற்க வராதுவிட்டால் அடுத்த நிலையிலுள்ளவரை அழைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அவ்வழைப்பு நாலைந்து மாதம் கழித்தும் வரலாம். ஆகவே, விண்ணப்பத்திற் கொடுத்த தொலைபேசி எண்ணைக் குறைந்தது ஓராண்டுக்காவது மாற்றாதீர்கள். மாற்ற நேர்ந்தால், கொப்பியிலுள்ள இடங்கள் ஒவ்வொன்றுக்கும் புதிய எண்ணை அறிவித்துவிடுங்கள்.